214-ஆம் வண்டியின் கசிவு

கஸ்பாரின் வண்டியில் எதையும் போடாதபோதும் கரண்ட் போய்க்கொண்டிருந்தது.

பழுது பார்க்க வந்த ரெஜினாள் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துவிட்டாள். விளக்கு, ஃபேன், தண்ணீர் மோட்டார். ஃபிரிட்ஜ் வந்த நாளிலிருந்தே ஓடியதில்லை. அதற்குள் கிழவர் வலை நூலும் ஈயக் குண்டுகளும் வைத்திருந்தார். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தாள். சுழியத்தில் நிற்க வேண்டிய மீட்டர் 0.30 ஆம்பியர் என்றது.

கால் மணி நேரம் காத்திருந்தாள். அப்போதும் 0.30.

"என்னளா, பேட்டரி முன்னால முட்டி போட்டு செபம் சொல்லுதியா?" வெளியே உடைமர நிழலிலிருந்து கஸ்பார் கேட்டார்.

"எங்கயோ ஒழுகுது மாமா."

"மழையே இல்ல. என்னத்த ஒழுகுது?"

"கரண்டு."

"நான்தான் தொடுததே இல்லியே."

அது உண்மை. கடல் ஊர்களுக்குள் வந்த பிறகு அரசாங்கம் கப்பல் கப்பலாக வாங்கிய வண்டிகளில் அதுவும் ஒன்று. வெளிநாட்டில் யாரோ விடுமுறைக்கு ஓட்டிக் கழித்தது. படுக்க, சமைக்க, குளிக்க எல்லாம் உள்ளேயே. கூரைமேல் சூரியத் தகடு. இருக்கைக்கு அடியில் இரண்டு பேட்டரிகள், பன்னிரண்டு வோல்ட். எஞ்சினைக் கழற்றிவிட்டுத்தான் கொடுத்தார்கள். வல்லநாட்டுக்குக் கிழக்கே, உடைமரக் காட்டை அழித்த பொட்டலில், அப்படி ஆயிரத்து நூற்று நாற்பது வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன.

கஸ்பாருக்கு எழுபத்திரண்டு வயது. மூன்று வருடமாக 214-ஆம் வண்டி அவருடையது. ஒரு நாள்கூட அதற்குள் படுத்ததில்லை. மணலில் முதுகு பட வேண்டும், முகத்தில் காற்று பட வேண்டும். அங்கே மணல் இல்லை, செம்மண்தான், காற்றும் அனல்தான். இருந்தாலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார். விறகடுப்பு வெளியே. ஐஸில் வைத்த மீனை அவர் மீன் என்று சொல்வதில்லை. இருட்டிய பிறகு மாதா படத்துக்கு ஒரு மணி நேரம் சின்ன விளக்கு எரியும். அவர் எடுக்கும் கரண்ட் அவ்வளவுதான்.

அந்த வளாகத்தில் பாதிப் பேர் அப்படித்தான் வெளியே படுத்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் உள்ளே ஃபேனைச் சுழல விட்டுவிட்டு வெளியே படுத்தார்கள்.

காரணம் ஏழு.

ஒரு நாளுக்கு ஏழு ஆம்பியர் மணி. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கணிப்பான் உண்டு. அது அன்றாடம் போன கரண்டை அலுவலகத்துக்குச் சொல்லும். தொடர்ந்து மூன்று நாள் ஏழுக்குக் கீழே போனால் வண்டியில் ஆள் இல்லை என்று அர்த்தம். வண்டி அடுத்தவருக்குப் போய்விடும். வளாகத்தில் காலையில் ஒருவரையொருவர் பார்ப்பவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. ஏழு காட்டியாச்சா என்றுதான் கேட்பார்கள்.

"நீங்க ஃபேனே போடுததில்லையா மாமா?" ரெஜினாள் டெர்மினலில் பூத்திருந்த வெள்ளைப் படிவத்தின்மேல் சோடா உப்புத் தண்ணீரை ஊற்றினாள். அது நுரைத்தது. பழைய பல் துலக்கியால் தேய்த்தாள்.

"யாருக்குப் போடணும்? உள்ள யாரு இருக்கா?"

"ஏழு காட்டணும்லா."

கஸ்பார் மீனைக் கீறி உப்பைத் திணித்துக்கொண்டே சிரித்தார். "எல்லாப் பயலும் அதைச் சொல்லித்தான் பேட்டரியச் சாகடிக்கானுவ. ஆளில்லாத ரூமுல ஃபேனு சுத்துது, எந்தப் பேய்க்கோ. மூணு வருசமா நான் ஒண்ணும் காட்டல. என் பேரு நிக்குதா இல்லியா? சும்மா மிரட்டுதானுவ. நீங்களும் பயப்படுதிய."

ரெஜினாள் தேய்ப்பதை நிறுத்தினாள்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆறாவதைப் பிடுங்கியதும் மீட்டர் 0.00-க்கு விழுந்தது. அந்த வயரைத் தடவிக்கொண்டே போனாள். துணி அலமாரிக்குப் பின்னால், பலகையை நெம்பினால் தெரியும் இடத்தில், தீப்பெட்டி இரண்டை ஒட்டியதுபோல ஒரு கறுப்புப் பெட்டி. குண்டூசி முனை அளவு சிவப்பு வெளிச்சம். டிவி ஆன்டெனாவுக்கு வலு கூட்டும் பெட்டி. டிவியும் இல்லை, ஆன்டெனாவும் இல்லை. பெட்டியை மட்டும் யாரும் கழற்றவில்லை. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூட்டை நம்பி ஒரு பல்லி இரண்டு முட்டை இட்டிருந்தது.

கணிப்பானில் தன் கருவியைச் செருகி முப்பது நாள் கணக்கைப் பார்த்தாள். 7.8, 7.9, 7.8, 7.8.

புள்ளி மூன்றை இருபத்து நாலால் பெருக்கினால் ஏழு புள்ளி இரண்டு. மிச்சம் மாதாவின் விளக்கு.

மூன்று வருடமாக இந்த வண்டியில் குடியிருந்தது அந்தப் பெட்டிதான். கிழவர் வெளியே இருந்தார்.

ரெஜினாள் ஃபியூஸைத் திரும்பச் செருகினாள். பலகையைப் பழையபடி சாய்த்தாள். பேட்டரிக்கு வடிநீர் ஊற்றி, டெர்மினலில் வாசலின் தடவினாள். ஓய்வில் பன்னிரண்டு புள்ளி ஏழு வோல்ட். வளாகத்திலேயே இவ்வளவு நல்ல பேட்டரி இன்னொன்று கிடையாது.

"கண்டுபிடிச்சிட்டியா?"

"ஒரு சாமான் வேணும் மாமா. நாளைக்கு வாரேன்."

சாமான் எதுவும் தேவையில்லை. திருகைக் கழற்ற ஒரு திருப்புளி போதும்.

"வா, வா. ஒனக்கென்ன, வீட்டுல புருசனா காத்துக்கிட்டிருக்கான்? குஜராத்துக்கு மீன் பிடிக்கப் போனவன் ஓகாவுல வேற வண்டி பிடிச்சிட்டானாம்லா. அதுக்காவது எஞ்சின் இருக்கான்னு கேட்டுச் சொல்லு."

பக்கத்து வண்டியில் ஒரு பெண் சிரிப்பை அடக்கினாள். ரெஜினாள் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.

வண்டி கிடைக்காதவர்களின் கொட்டகையிலிருந்து வந்த பிறகு அவள் தங்கியிருந்தது அண்ணன் அமலதாஸின் வண்டியில். நாலு பேர் படுக்கிற வண்டியில் ஆறு பேர். அண்ணன், அண்ணி பெனிட்டா, அவர்களுடைய வளர்ந்த மகன்கள் இரண்டு பேர், ரெஜினாள், அவள் மகள் ஆக்னஸ். ஆக்னஸுக்குப் பதினாலு வயது. ஓட்டுநர் இருக்கைதான் அவள் அறை. கண்ணாடிகளுக்குள் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அறைக்கு ஒரு சேலைதான் கதவு.

அன்று மத்தியானம் ரெஜினாள் வந்தபோது அண்ணனின் மூத்த மகன் அந்தச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டையைத் தேடுகிறேன் என்றான். சட்டை அவன் தோளில் கிடந்தது. ஆக்னஸ் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் சுருண்டிருந்தாள்.

அவன் போன பிறகு ரெஜினாள் சேலையின் ஓரத்தைக் கம்பியோடு சேர்த்து ஊசியால் தைத்தாள்.

"தைச்சா சேலை கிழியும்," என்றாள் பெனிட்டா. "என் சேலை அது."

"வேற தாரேன்."

"சேலை தாறத விட்டுட்டு ஒரு வண்டி வாங்குத வழியப் பாரு. லிஸ்ட்டுல முதல் ஆளு, முதல் ஆளுன்னு எட்டு மாசமா சொல்லுத. இந்த வளாகத்துல எவனும் சாவவும் மாட்டான், ஓடவும் மாட்டான். வண்டி எங்க காலியாவும்?"

"ஆவும்."

"ஒரு வருசத்துல மூணு வண்டிதான் காலியாச்சு. மூணும் கருமாதி வண்டி." பெனிட்டா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "நான் ஒன்னைப் போவச் சொல்லல. பொம்பளப் பிள்ளைய வச்சிருக்க. என் பயலுவள நான் எத்தனை நேரம் காவல் காக்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் ரெஜினாளுக்கு வலித்தது.

மறுநாள் காலையில் அலுவலகத்துக்குப் போனாள். வளாக அதிகாரி குணாளன் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். எல்லாரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். அவர்மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். கசிவு இருந்தா சரி பண்ணித்தானே ஆவணும்?"

"அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க."

"சரி பண்ணா ரீடிங் கொறையும்."

"குறையட்டும். வீணாப் போறது நிக்குது."

"கொறைஞ்சு ஏழுக்குக் கீழ போயிட்டா?"

குணாளன் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அம்மா, பழுது பார்க்கிறது உங்க வேலை. அளக்கிறது மெஷின் வேலை. முடிவு பண்றது விதியோட வேலை. இதுல நானே எங்கேயும் இல்ல, நீங்க ஏன் வர்றீங்க?"

"ஆளு இருந்தும் காட்டலைன்னா?"

"ஆள் இருந்தா காட்டும். இந்த ஏழு எப்படி வந்துச்சு தெரியுமா? முதல் வருஷம் நேர்லதான் போய்ப் பார்த்தோம். ஆய்வுன்னு சொன்னா எல்லா வண்டி முன்னாலயும் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். ஒரே ஆள் ஒன்பது வண்டிக்கு உட்கார்ந்தார். ஒவ்வொரு வண்டியிலயும் வேற சட்டை. ஆளை வாடகைக்குப் பிடிக்கலாம்மா. அதனாலதான் ஆளைப் பார்க்கிறதை விட்டுட்டோம்."

"முன்கூட்டி ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்?"

"சொன்னோமே. சொன்ன அன்னைக்கு ஃபேன் ஓடும், மறுநாள் நிக்கும். முன்னூத்திச் சொச்சம் குடும்பம் வண்டி கிடைக்காம கொட்டகையில கிடக்கு. அதுல முதல் பேரு யாருது?"

அவள் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

214-க்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. கஸ்பார் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த மரப்பெட்டியைத் தட்டி நிழலுக்குள் நகர்த்தினார்.

"நேத்து ஒரு சொல்லு கூடிப் போச்சு," என்றார். "வாயி எனக்கு. மனசுல வச்சிக்கிடாத."

"அதெல்லாம் இல்ல மாமா."

"ஒன் மவ நல்லாப் படிக்காளாமே. மிக்கேல் வாத்தியார் சொன்னாரு. படிக்கட்டும். நம்ம பொட்டப் பிள்ளைவ படிச்சாத்தான் உண்டு."

ரெஜினாள் உள்ளே போனாள். பலகையை எடுத்தாள். இரண்டு திருகு. பெட்டி கையோடு வந்தது. முட்டைகளில் ஒன்று கீழே விழுந்து உடைந்தது. வயர் நுனிகளைத் தனித்தனியாக டேப் சுற்றி, ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டாள். மீட்டர் 0.00. சுத்தமான வேலை. யார் வந்து சோதித்தாலும் குறை சொல்ல முடியாது.

பெட்டியை வெளியே கொண்டுவந்து கஸ்பாரிடம் காட்டினாள்.

"இதா தின்னுச்சு?"

"ராத்திரி பகலா. மூணு வருசமா."

"எவன் வீட்டுக் கரண்டுன்னு தின்னுச்சு சவம்." அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனி ஒழுகாதுல்லா?"

"ஒரு துளி ஒழுகாது."

இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. மாமா, இனிமே பகல்ல ஒரு ஏழு மணி நேரம் ஃபேனைப் போட்டு வைங்க. அவ்வளவுதான். அது அவள் நாக்கின் நுனிவரை வந்தது. அதைச் சொல்ல மூச்சுகூட இழுத்துவிட்டாள்.

கஸ்பார் வாளைக் கருவாடு இரண்டை எடுத்து ஒரு தாளில் சுற்றினார். "பிள்ளைக்குக் கொண்டு போ. பொட்டல்ல காய வச்சது, கடக்கரை ருசி வராது. இருந்தாலும் பரவாயில்ல."

"எதுக்கு மாமா?"

"வேலை செஞ்சிருக்கல்லா."

அவள் வாங்கிக்கொண்டாள். வேலைச் சீட்டில் எழுதினாள்: கசிவு கண்டறியப்பட்டது, நீக்கப்பட்டது. கஸ்பார் பெருவிரலை ஒற்றினார்.

முதல் நாள் அவள் 300-களின் வரிசையில் வேலை பார்த்தாள். இரண்டாம் நாள் 260-களில். மூன்றாம் நாள் 220-களில். அங்கிருந்து பார்த்தால் 214 தெரியும். கிழவர் பாயில் மல்லாந்து கிடந்து யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. சூரியத் தகடு நன்றாக வாங்கியிருக்கும். பேட்டரி நிரம்பி வழியும். எடுக்கத்தான் ஆள் இல்லை.

மாலையில் தண்ணீர்க் குழாயடியில் கஸ்பார் அவளுக்கு நேரே வந்து நின்றார்.

"பன்னெண்டு எட்டு காட்டுதுளா. நான் அந்தச் சின்னத் திரையில பாத்தேன். முன்னால பன்னெண்டு ஏழுதான் இருக்கும்."

"நல்லது மாமா."

"ஒன் கை ராசி."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் நடந்தாள். தண்ணீர் தளும்பிச் சேலை நனைந்தது.

நாலாம் நாள் காலை எட்டு மணிக்கு 214-இன் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. கதவுக்கு மேலே இருந்த பச்சை விளக்கு சிவப்பானது. கஸ்பார் அடுப்பில் உலை வைத்திருந்தார். அரிசி உள்ளே இருந்தது.

குணாளனும் இரண்டு பேரும் வந்தபோது கூட்டம் சேர்ந்திருந்தது. ரெஜினாளும் வர வேண்டியிருந்தது. பூட்டிய வண்டியின் பேட்டரியை அவள்தான் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் இங்கதான இருக்கேன்," என்றார் கஸ்பார்.

"இப்ப இருக்கீங்க ஐயா. மூணு நாளா வண்டியில ஆள் இல்ல."

"பின்ன நான் யாரு? பேயா?"

சிலர் சிரித்தார்கள். கஸ்பாரும் சிரிக்கப் பார்த்தார்.

"புள்ளி ஆறு, புள்ளி ஆறு, புள்ளி ஏழு," குணாளன் படித்தார். "ஒரு மனுஷன் இருக்கிற இடத்துல இவ்வளவு கம்மியா போகாது ஐயா."

"மூணு வருசமா இப்படித்தான் இருக்கேன். மூணு வருசமா காட்டிச்சுல்லா?"

"மூணு வருஷமும் எட்டு கிட்ட இருந்திருக்கு. இந்த மூணு நாள்தான் இல்ல. எங்க போயிருந்தீங்க?"

கஸ்பார் பக்கத்து வண்டிக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் தங்கள் வண்டிகளுக்குள் சுழலும் ஃபேன்களைப் பார்த்தார்கள். சாட்சி சொன்னால் அவர்கள் வண்டியையும் கிளறுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கிழவனுக்குத் திமிர், சொன்னால் கேட்டானா என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"ரெஜினாளைக் கேளுங்க," என்றார் கஸ்பார். "இவ வந்தா. ரெண்டு நா வந்தா. நேத்து குழாயடியில பாத்தா."

குணாளன் திரும்பினார். "பார்த்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"வண்டிக்கு உள்ள இருந்தாரா?"

உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"வெளிய இருந்தாவ."

"ரெண்டு நாளும்?"

"ரெண்டு நாளும் வெளியதான்."

அதில் ஒரு பொய்கூட இல்லை. குணாளன் எழுதிக்கொண்டார்.

கஸ்பார் அவளையே பார்த்தார். கோபம் இல்லை அதில். எதையோ கூட்டிப் பார்ப்பவரைப்போல அவர் உதடு மெல்ல அசைந்தது. பிறகு நின்றது.

"மாதா படத்தை மட்டும் எடுத்துக்கிடுதேன்," என்றார்.

"பத்து நாள் கழிச்சு சாமான் எல்லாம் கொடுப்போம் ஐயா. உரிமை கோரி எழுதிக் கொடுத்தா போதும்."

"பத்து நாளு."

"விதி ஐயா."

அவர் குனிந்து பாயைச் சுருட்டினார். உலைத் தண்ணீரை அடுப்பில் ஊற்றி அணைத்தார். ரெஜினாளைத் தாண்டும்போது நின்றார்.

"நல்ல பேட்டரிளா அது," என்றார். "தண்ணி வத்த விட்டுராத."

பழைய கல்குவாரிக் கொட்டகைக்கு அவரை அனுப்பினார்கள். அங்கே தட்டு, போர்வை எல்லாம் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். கஸ்பாரின் பெயருக்கு எதிரே வளாகத்தை விட்டு வெளியேறியவர் என்று இருந்தது. இரண்டு நாள் அடுத்தவர் தட்டில் சாப்பிட்டார். மூன்றாம் நாள் பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிழக்கே நடந்தார் என்றார்கள். வெயில் நேரத்தில் தூத்துக்குடிச் சாலையில் ஒரு லாரிக்காரன் பார்த்திருக்கிறான். ஏற்றிக்கொள்ளக் கூப்பிட்டதற்கு, பக்கம்தான் என்று சொன்னாராம். அதற்குப் பிறகு பார்த்தவர் இல்லை. பத்தாம் நாள் உரிமை கோரி யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

பதினோராம் நாள் ரெஜினாளுக்குச் சாவி வந்தது.

வலை நூல், ஈயக் குண்டு, அரிசி, மாதா படம் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் கட்டி அலுவலகத்தில் ஒப்படைத்தாள். கழுவித் துடைத்த பிறகும் வண்டிக்குள் உப்பு வாசம் இருந்தது. ஆக்னஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். தாழை எடுத்தாள். மறுபடி போட்டாள். ரெஜினாள் வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாத்தா எங்கம்மா போனாவ?" ஆக்னஸ் உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஊருக்கு."

"ஊருதான் இல்லியே."

"துணிய எடுத்து அடுக்கு."

அன்று மகள் கட்டிலில் கை காலை நீட்டிப் படுத்தாள். இவ்வளவு நீளமாகிவிட்டாள் என்று ரெஜினாளுக்கு அன்றுதான் தெரிந்தது.

பதினைந்தாம் நாள் காலை குணாளன் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார்.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி. பராமரிப்புல உங்களை முதல் நிலைக்கு உயர்த்தியிருக்காங்க."

"எதுக்கு சார்?"

"214 வேலைக்கு." மேசையிலிருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார். "இதைப் பாருங்க. மூணு வருஷமா ஒரு கோடு. இருட்டினப்புறம் ஒரு மணி நேரம் டைமர் விளக்கு மாதிரி ஒரு சின்ன மேடு, மத்தபடி ராத்திரியும் பகலும் அசையவே இல்ல. மனுஷன் இருந்தா கோடு ஏறும், இறங்கும். இது சும்மா நேராப் போயிருக்கு. நீங்க கசிவை நிறுத்தினீங்க, கோடு விழுந்துச்சு. மூணு நாள்ல வண்டி காலின்னு தெரிஞ்சுபோச்சு. இதுவரைக்கும் சிஸ்டத்துக்கு இது தெரியாது. உங்ககிட்டதான் கத்துக்கிச்சு."

ரெஜினாள் குவளையைத் தொடவில்லை.

"அதுக்கப்புறம் அதுவே வளாகம் பூராத் தேடியிருக்கு. இந்த மாதிரி நேர்க்கோடு எங்கெல்லாம் இருக்குன்னு." அவர் ஒரு தாளை நீட்டினார். "அறுபத்தொண்ணு."

அவள் தாளைப் பார்த்தாள். 37, 52, 58, 91. ஒவ்வொரு எண்ணுக்கும் அவளுக்கு முகம் தெரியும்.

"இதுல ஆளுவ இருக்காவ சார்."

"இருந்தா காட்டும்மா."

"காட்டாது. எல்லாரும் கடக்கரைக்காரவ. வெளிய படுப்பாவ, வெளிய பொங்குவாவ. பேட்டரி இறங்குதுன்னு பயந்து ஃபேனையும் போட மாட்டாவ. ஒழுக்குலதான் இறங்குதுன்னு பல பேருக்குத் தெரியாது. காட்டுததே அந்த ஒழுக்குதான்."

"அப்ப 214-லயும் ஆள் இருந்தாரா?"

அறைக்குள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. குணாளன் கேட்ட தொனியில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ரெஜினாள் தாளை மடித்தாள்.

"கொட்டகையில இருக்கிறவங்களும் உங்க ஊர் ஜனம்தான்," என்றார் அவர். "பச்சைப் பிள்ளைங்க இருக்கு. நீங்க அங்க இருந்து வந்தவங்க, உங்களுக்குச் சொல்லணுமா? அறுபத்தொரு குடும்பம்மா."

"நான் முன்னாலயே சொல்லிட்டா? ஃபேனைப் போடுங்கன்னு."

"அதையும் அது பார்க்கும். பழுது பார்த்த அன்னைக்கே ஃபேன் ஓட ஆரம்பிச்சா யார் சொன்னதுன்னு என்னைக் கேக்கும். நான் உங்களைக் கேக்கணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க ஒதுக்கீடு தொண்ணூறு நாளைக்குத் தற்காலிகம். எல்லாருக்கும் அப்படித்தான். நான் மாத்த முடியாது. நீங்க நல்லா வேலை செய்றவங்க. எனக்கு அது தெரியும்."

தேநீரில் ஆடை படிந்துவிட்டிருந்தது.

37-ஆம் வண்டி சிசிலியுடையது. தனி ஆள். முட்டி தேய்ந்து, ஊன்றுகோலோடு நடப்பாள். வண்டிக்கு வெளியே தார்ப்பாய் கட்டி அதற்கடியில் கட்டில் போட்டிருந்தாள். ரெஜினாள் கருவிப் பெட்டியோடு வருவதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா தாயி. ஒரு வருசமா மனு கொடுக்கேன். காலையில பாத்தா பேட்டரி பாதி இறங்கிக் கெடக்கு. எங்கயோ ஒழுகுதுன்னு சொன்னா எவனும் நம்பல. இப்பமாவது ஒன்ன அனுப்பினாவளே."

"ஃபேன் போடுதியளா மதினி?"

"எங்க போட? இருக்கதே இம்புட்டு. அத மிச்சம் பிடிச்சு வாரேன். ஃபேன் இல்லாமலே ஏழு காட்டத்தான் செய்யுது. ஒருத்தரும் வந்து கேக்கல." சிசிலி நாற்காலியைத் துடைத்து நிழலில் போட்டாள். "இரு, கடுங்காப்பி போடுதேன்."

"வேண்டாம்."

"குடிச்சிட்டுத்தான் செய்யணும்."

ரெஜினாள் உள்ளே போனாள். பேட்டரி பன்னிரண்டு புள்ளி ஒன்று வோல்ட். இருக்கையைத் தூக்கினாள். நெகட்டிவ் வயரைக் கழற்றி மீட்டரைக் கோத்தாள். 0.31. மூன்றாவது ஃபியூஸிலேயே விழுந்தது. குளியலறைக்குப் பின்னால், ஓட்டத்தை நிறுத்த மறந்த காற்றை வெளியேற்றும் பழைய விசிறி ஒன்று. இலைச் சருகு அடைத்துச் சுற்ற முடியாமல் முனகிக்கொண்டிருந்தது.

வாசலில் சிசிலி காப்பி டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"பாத்து நல்லாச் செய் தாயி. இனிமே ஒரு சொட்டு வீணாவக் கூடாது."

"வீணாவாது மதினி," என்றாள் ரெஜினாள். திருப்புளியை எடுத்தாள்.